ஒப்படையைக் கொடுத்தவருக்கும் பூச்சியமா? பல்கலைக்கழகத்தில் பார்த்தெழுதுதலும் தண்டனையும்

முத்தையன்கட்டு எழுதியது:

வணக்கம். என் தங்கை பல்கலைக்கழகமொன்றில் மூன்றாம் வருடம் விஞ்ஞானம் படிக்கிறாள். கடந்த அரையாண்டில் அவளது செயன்முறை அறிக்கையை, விடுதியில் ஒரே அறையில் இருக்கும் தோழி வாங்கிச் சென்று, அட்டவணை, வரைபு, கலந்துரையாடல் பகுதி என்று ஏறத்தாழ முழுவதையும் பார்த்தெழுதிச் சமர்ப்பித்திருக்கிறாள். இரண்டும் ஒன்றுபோல இருப்பதைக் கண்ட விரிவுரையாளர் இருவருக்கும் பூச்சியம் இட்டுத் துறைத்தலைவருக்கும் அறிவித்துவிட்டார். இருவரையும் விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இதைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. கேட்டவளுக்கு இல்லையென்று சொல்லாமல் கொடுத்தது எப்படிக் குற்றமாகும் என்று அம்மா கேட்கிறார். என்ன நடக்கும் என்று தெரிந்துதானே கொடுத்தாள் என்கிறார் அப்பா. இரவிரவாக இருந்து எழுதியவளுக்கும் அதை எடுத்தெழுதியவளுக்கும் ஒரே தண்டனை என்பது எனக்கு நீதியாகப் படவில்லை. ஆனால் தண்டனையே வேண்டாம் என்று கேட்கவும் மனம் ஒப்பவில்லை. நடைமுறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை என்பதை ஊகித்து எழுத வேண்டாம் என்று அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.


விரிவுரை மண்டபம் எழுதியது:

நான் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவன். குறிப்பிட்ட சம்பவத்தைப் பற்றி எதுவும் தெரியாது. பொதுவான நடைமுறையை மட்டும் எழுதுகிறேன்.

ஒரே மாதிரியான இரண்டு அறிக்கைகள் மேசைக்கு வரும்போது, எது மூலம், எது பிரதி என்பதைத் தாளைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. கையெழுத்து நேர்த்தியாக இருப்பதாலோ முதலில் சமர்ப்பித்ததாலோ ஒருவர்தான் எழுதியவர் என்று முடிவெடுத்தால், தவறானவரைத் தண்டிக்க நேரலாம். ஆகவே இருவரின் புள்ளிகளையும் நிறுத்திவைத்து விசாரணைக்கு அனுப்புவது சரியானதே. அந்தத் தற்காலிகப் பூச்சியமே இறுதித் தீர்ப்பாகிவிடக் கூடாது என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன். விசாரணையின் வேலையே வேறுபடுத்திப் பார்ப்பதுதான். மேசையில் இருந்த கோப்பைத் தெரியாமல் எடுத்தார்களா, விளங்கிக்கொள்வதற்கென்று கேட்டு வாங்கினார்களா, பார்த்தெழுதுவதற்கென்றே கொடுக்கப்பட்டதா, பணம் கைமாறியதா என்பவை நான்கு வெவ்வேறு நிலைமைகள். முதலாவதில் கொடுத்தவருக்குக் குற்றமே இல்லை. கடைசியில் இருவருக்கும் சமமான குற்றம் உண்டு.

அம்மாவின் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். உதவி என்ற சொல்லின் கீழ் நாங்கள் இரண்டு செயல்களை வைத்திருக்கிறோம். தோழிக்கு வரைபின் சாய்விலிருந்து மாறிலியைக் கணிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தால் அவள் அடுத்த அறிக்கையைத் தானே எழுதுவாள். முடிந்த அறிக்கையைக் கொடுத்தால் அவள் அடுத்த கிழமையும் வருவாள். விடுதிகளில் ஆண்டுதோறும் இதைத்தான் காண்கிறோம். நான்காம் வருட ஆய்வுச் செயற்றிட்டம் வரும்போது கொடுப்பதற்கு எவரிடமும் எதுவும் இருக்காது. அப்போதுதான் அந்த மாணவி உடைந்துபோவாள்.

இதில் பாதிக்கப்படும் மூன்றாமவரையும் நினைத்துப் பாருங்கள். வகுப்புச் சித்தியும் தரப்புள்ளிச் சராசரியும் பிற்காலத்தில் ஒப்பிடப்படுபவை. செயன்முறை விளக்குநர், தற்காலிக விரிவுரையாளர் பதவிகளுக்கும், வெளிநாட்டு முதுமாணிப் புலமைப்பரிசில்களுக்கும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம்கூடக் கணக்கில் எடுக்கப்படுகிறது. அதே அறிக்கையைத் தனியாக எழுதி நடுத்தரப் புள்ளி வாங்கிய மாணவர் ஒருவர் அந்த வரிசையில் ஓரிடம் பின்னே தள்ளப்படுகிறார். அவருக்கு அது தெரியவும் வராது.


கனகராயன்குளம் எழுதியது:

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் பாடசாலைப் பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பல்கலைக்கழகத்தில் வெடிக்கும் இந்தப் பிரச்சினைக்குத் திரி எங்களுடைய வகுப்பறைகளில்தான் வைக்கப்படுகிறது.

எங்களுடைய பிள்ளை பதின்மூன்று ஆண்டுகள் ஆசிரியரின் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் மனனம் செய்து எழுதிப் பாராட்டுப் பெறுகிறது. தனியார் வகுப்பில் கொடுத்த விடையை அப்படியே எழுதினால் முழுப் புள்ளி. தன் சொல்லில் எழுதினால் ஒரு புள்ளி குறைவு. பாடசாலைமட்டக் கணிப்பீட்டுக்கான ஒப்படையை அண்ணனோ அக்காவோ எழுதிக் கொடுப்பதும், கொம்யூனிக்கேஷன் கடையில் படத்துடன் அச்சிட்டு வாங்குவதும் எல்லோருக்கும் தெரிந்த விடயங்கள். அந்தப் பிள்ளை பல்கலைக்கழக வாசலைக் கடந்ததும், நேற்றுவரை கெட்டித்தனம் என்று பேரெடுத்த அதே செயல் குற்றமாகிவிடுகிறது. கைநூலில் ஒரு பக்கத்தில் விதியை அச்சிட்டுக் கொடுத்துவிட்டால் அறிவித்தாகிவிட்டது என்று பல்கலைக்கழகம் கருதுகிறது. முதலாம் வருட மாணவரில் எத்தனை பேர் அதை வாசித்திருப்பார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு, வன்னிப் பிள்ளைகள் பாவம், போர் கண்டவர்கள், ஆகையால் கண்டும் காணாமல் விடுங்கள் என்று கேட்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2009 ஓகஸ்டில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இருந்தபடி பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். புத்தகம் இல்லை, பலருக்கு வீட்டில் ஆட்களே மிஞ்சியிருக்கவில்லை. அவர்கள் வாங்கிய சித்தியை எவரும் குறைசொல்ல முடியாதபடி நிறுத்தியது, நாடு முழுவதும் எழுதிய அதே வினாத்தாளைத்தான் அவர்களும் எழுதினார்கள் என்பது. இரக்கத்தின் பேரால் அங்கே ஒரு சலுகை காட்டப்பட்டிருந்தால், அந்தச் சான்றிதழை இன்றைக்கும் அவர்கள் தலை நிமிர்ந்து காட்ட முடிந்திருக்காது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். 2024 ஜனவரியில் நடந்த உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானது. பரீட்சைத் திணைக்களம் அந்தப் பாடத்தையே இரத்துச் செய்து பெப்ரவரி 1ஆம் திகதி மீண்டும் நடத்தியது. தாளைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள் நாடு முழுவதிலும் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். விவசாயக் குடும்பங்களிலிருந்து அந்தப் பாடத்தை எடுத்த எங்களூர்ப் பிள்ளைகளுக்கும் அதே நிலைமைதான். சிலர் செய்த தவறுக்கான விலையைத் தவறே செய்யாதவர்களும் கொடுக்க நேர்ந்தது.


நெடுங்கேணி எழுதியது:

நான் இறுதி வருட மாணவி. ஆசிரியர் ஐயா பாடசாலைப் பழக்கத்தைச் சொன்னார். நான் மொழியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் எங்களில் பலர் வழுக்கி விழும் இடம் அதுதான்.

உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு வரும் எங்களுக்கு விஞ்ஞானமும் பொறியியலும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் நடக்கின்றன. விடயம் விளங்கும், எழுத வராது. இந்த நிலையில் ஒரு மாணவர் பாடநூலின் ஒரு பந்தியை எடுத்து, நாலு சொல்லை மாற்றி, இரண்டு வசனத்தை இடம்மாற்றி வைக்கிறார். தான் திருடுகிறேன் என்று அவர் நினைப்பதில்லை. இப்படித்தான் ஆங்கிலம் எழுதுவது என்றே நம்புகிறார். மென்பொருள் அதைக் கருத்துத் திருட்டு என்று நிறம் தீட்டிக் காட்டும்போதுதான் திடுக்கிடுகிறார். அதைச் செய்யும் முதலாம் வருடப் பிள்ளையையும், பணம் கொடுத்து ஆய்வேடு எழுதுவிக்கும் ஒருவரையும் ஒரே பெயரில் அழைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு இதற்குள் வந்துவிட்டது. சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் திகதி வெளியானது. இரண்டு வருடத்துக்குள் ஒப்படைகளின் ஆங்கிலம் திடீரென்று பிழையற்றதாக மாறிவிட்டது என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்கென்று வந்த மென்பொருட்களையும் முழுமையாக நம்ப முடியாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தனது கண்டறியும் கருவியை, துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் டோஃபல் எனும் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் இட்டுப் பார்த்தார்கள். அவை சராசரியாக 61 சதவீதமான கட்டுரைகளை இயந்திரம் எழுதியவை என்று தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், ஒரே வகையான வசனங்களில் எழுதுபவரை இந்தக் கருவிகள் சந்தேகிக்கின்றன. நாங்கள் எழுதும் ஆங்கிலம் அப்படிப்பட்டதுதான்.

ஆகவே தங்கச்சிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் நான் சொல்வது, உங்களுடைய முதல் வரைவுகளை அழிக்காதீர்கள் என்பதுதான். கூகிள் டொக்ஸில் எழுதினால் எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த வரி எழுதப்பட்டது என்ற வரலாறு தானாகவே சேமிக்கப்படும். ஆய்வுகூடத்தில் பென்சிலால் குறித்த வாசிப்புகளையும் வைத்திருங்கள். உண்மையாக எழுதியவருக்கு இவைதான் சாட்சி.


முத்தையன்கட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆய்வுகூடக் குறிப்புகள் தங்கையிடம் இருக்கின்றன. விசாரணையில் நடந்ததை நடந்தபடியே சொல்வதாக அவள் இருக்கிறாள். தோழியைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுமே என்பதுதான் அவளுடைய கவலை. அவர்களுடைய வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும், தகப்பன் இல்லாத குடும்பம். பட்டம் முடிந்துவிட்டால் பிறகு எவரும் இதையெல்லாம் தோண்டிப் பார்ப்பதில்லை என்று ஊரில் சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். அது உண்மையா?


வாய்க்கால் எழுதியது:

உண்மை இல்லை, தம்பி. ஜேர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல் தியோடர் சு குட்டென்பேர்க்கின் சட்டத்துறை ஆய்வேட்டில் பக்கம் பக்கமாகப் பிறருடைய எழுத்து இருந்ததை 2011 பெப்ரவரியில் வாசகர்கள் இணையத்தில் ஒன்றுகூடி வெளிக்கொண்டுவந்தார்கள். பைரொயித் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டத்தை மீளப் பெற்றது. மார்ச் 1ஆம் திகதி அவர் பதவி விலகினார். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளுக்குப் பின்னர் நடந்தது இது. தாள்கள் கணினியில் ஏறியபின் தோண்டுவது எளிதாகிவிட்டது.

ஆனால் பிடிபடுவதைவிடப் பிடிபடாமல் போவதுதான் எனக்குப் பயம். நான் நீர்ப்பாசன வேலைகளோடு தொடர்புடைய பொறியியலாளன். 2018 டிசம்பரில் பெய்த கடும் மழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளும் வயல்களும் வெள்ளத்தில் மூழ்கியதும் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நிகழ்வில் எவர் சரி, எவர் பிழை என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அப்படிப்பட்ட ஓர் இரவில் குளத்துக்குப் பொறுப்பான ஒருவர் என்ன கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். கனகராயன் ஆற்றின் நீரேந்துப் பிரதேசத்தில் எவ்வளவு மழை விழுந்திருக்கிறது, அது எத்தனை மணித்தியாலத்தில் குளத்தை வந்தடையும், இப்போது எத்தனை அடி இருக்கிறது, எத்தனை கதவை எவ்வளவு உயர்த்தினால் அணைக்கட்டும் பாதுகாப்பாக இருந்து கீழே உள்ள கிராமங்களும் தப்பும் என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். தாமதித்தாலும் ஆபத்து, அவசரப்பட்டுத் திறந்தாலும் ஆபத்து.

இந்தக் கணக்கை மாணவர் முதன்முதலில் சந்திப்பது இரண்டாம், மூன்றாம் வருடத்து நீரியல் ஒப்படையில்தான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட விடையை நாற்பது பேர் எடுத்தெழுதினால், அந்த அணியில் ஒருவருக்கு மட்டும்தான் அது தெரியும். எங்களுடைய வயலுக்கு மேலே உள்ள குளத்துக்கு அந்த ஒருவர்தான் வருவார் என்று எவரால் உறுதிகூற முடியும்? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அமைய வேண்டும் என்று நாங்கள் விரும்பியது, இந்தக் குளங்களையும் இந்த மண்ணையும் அறிந்து பொறுப்பெடுக்கும் பிள்ளைகள் இங்கிருந்தே வர வேண்டும் என்பதற்காக. என்னைப் பொறுத்தவரை ஒப்படையிலும் கடுமை வேண்டும். முதற்தடவை பூச்சியம், இரண்டாம் தடவை அந்தப் பாடமே மீள் பரீட்சை.

வருகைப் பதிவிலும் இதே நோய் உண்டு. விரிவுரைகளுக்கு 80 சதவீத வரவு வேண்டும் என்ற விதியைக் கடப்பதற்கு ஒருவர் ஐந்து பேருக்குக் கையொப்பம் வைக்கிறார். சிறிய விடயம் என்று சிரித்துக்கொண்டு செய்கிறார்கள். நாளைக்கு வேலைத்தளத்தில் கொங்கிறீற் கனக்குற்றியைச் சோதித்துப் பார்க்காமலேயே சோதித்ததாகக் கையொப்பம் வைக்கும் கையும் அதுதான்.


கனகராயன்குளம் எழுதியது:

வாய்க்கால் ஐயாவின் கவலையை மதிக்கிறேன். ஆனால் முதற்தடவையிலேயே பூச்சியம் என்பதை, விளக்கிச் சொல்லிக்கொடுத்த பின்னர்தான் ஏற்க முடியும். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்தை மறுபடி எழுதுபவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடையாது. உரிய காலத்துக்குள் முடிக்காவிட்டால் வகுப்புச் சித்தியும் போய்விடும். முதலாம் வருடத்தில் அறியாமல் செய்த ஒன்றுக்காக ஒரு பிள்ளை நான்கு ஆண்டு உழைப்பின் பலனையும் இழப்பது அளவுக்கு மிஞ்சிய தண்டனை. முதலாம் வருடத்தில் திருத்தி எழுதச் சொல்லுங்கள், அதிலேயே புள்ளியைக் குறையுங்கள். மூன்றாம் வருடத்தில் செய்தால் நானே உங்கள் பக்கம் வந்து நிற்பேன்.


வன்னேரிக்குளம் எழுதியது:

இதுவரை விஞ்ஞான, பொறியியல் மாணவர்களைப் பற்றியே பேசினோம். தமிழ்மொழி மூலம் கலைப் பாடங்களில் ஆய்வேடு எழுதுபவர்களின் பக்கம் ஒன்று உண்டு, அதை எவரும் கவனிப்பதில்லை.

ஒப்புமை காட்டும் மென்பொருட்கள் தமிழில் மிகவும் வலுக்குறைந்தவை. எங்களுடைய பழைய ஆய்வேடுகளில் பெரும்பகுதி தட்டச்சுப் பிரதிகளாக நூலகத் தட்டுகளில் இருக்கின்றன. கணினியில் இருப்பவையும் பலவேளைகளில் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தட்டச்சுச் செய்த கோப்பில் கணினி உண்மையில் சேமித்து வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளையே. எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே அதே பந்தியை யூனிகோடில் எழுதிச் சமர்ப்பித்தால் மென்பொருளுக்கு இரண்டும் தொடர்பற்றவை. ஆங்கில நூலொன்றின் அத்தியாயத்தைத் தமிழில் பெயர்த்துத் தன் பெயரில் வைத்தாலும் அப்படியே தப்பிவிடும். ஒப்புமை சதவீதம் குறைவு என்று மேற்பார்வையாளர் மகிழ்ந்து கையொப்பமிடும் ஆய்வேட்டில் ஒரு வரிகூட மாணவருடையதாக இல்லாமல் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, மேற்பார்வையாளர் மாதந்தோறும் மாணவரை எதிரில் இருத்தி, ஏன் இப்படி எழுதினாய், இந்த ஆளை எங்கே வாசித்தாய் என்று கேட்பதுதான்.

அதைவிட என்னை வருத்துவது, கள ஆய்வில் நடக்கும் பொய். 2009க்குப் பிறகு வன்னியில் மீள்குடியேறிய கிராமங்களைப் போல வினாக்கொத்து நிரப்பிக் களைத்த கிராமங்கள் குறைவு. வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள், நுண்கடன் என்று வருடம் தவறாமல் எவராவது வந்து கேட்கிறார்கள். ஒரு விதவைத் தாய் தன் வேலையை விட்டுவிட்டு, சொல்ல விரும்பாத விடயத்தையும் சொல்லி உதவுகிறார். இன்னொரு மாணவர் அந்த வெயிலில் அலைய மனமின்றி, நூறு படிவங்களில் பத்தைக் களத்திலும் மீதியை விடுதியில் இருந்தபடியும் நிரப்பி, அழகான வட்ட வரைபு வரைந்து, கடன்சுமை இத்தனை சதவீதம் என்று எழுதிவைக்கிறார். பின்னர் வரும் ஆய்வாளர் அதை மேற்கோள் காட்டுகிறார். ஓர் அலுவலகம் அதை வைத்துத் திட்டம் எழுதுகிறது. அந்தக் கிராமத்து மக்கள் சொல்லாத ஒன்று அவர்கள் சொன்னதாகிவிடுகிறது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில் காரணம் முழுதாக அறியப்படாத சிறுநீரக நோய் மக்களை வாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே கிணற்று நீரைச் சோதிக்காமலேயே பெறுமானத்தை எழுதும் ஒரு மாணவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நெதர்லாந்தின் டில்பேர்க் பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் பேராசிரியராக இருந்த டீடரிக் ஸ்ராபெல் இதைத்தான் ஆண்டுக்கணக்காகச் செய்தார். நடத்தாத ஆய்வுகளுக்குத் தரவுகளைத் தானே இட்டுக்கட்டினார். 2011இல் அவருடைய கீழ் வேலை செய்த இளம் ஆய்வாளர்கள் முறையிட்டபோது வெளிவந்தது. 58 ஆய்வுக் கட்டுரைகள் மீளப் பெறப்பட்டன. அவர் கொடுத்த தரவுகளை நம்பிக் கலாநிதி ஆய்வு செய்த மாணவர்கள், எந்தப் பிழையும் செய்யாமலே, தங்கள் ஆய்வேட்டின் அத்தியாயங்கள் பொய்த்துப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே தண்டனையின் படிநிலையை நான் வகுப்பதாக இருந்தால், தரவை இட்டுக்கட்டுவதைப் பரீட்சை மண்டபத்துக்குள் துண்டு கொண்டுபோவதற்கு மேலே வைப்பேன். இப்போது நடைமுறையில் தலைகீழாக இருக்கிறது. துண்டு பிடிபட்டால் ஒரு வருடத் தடை. இட்டுக்கட்டிய ஆய்வேட்டுக்கு ஏ தரம்.


பனங்காமம் எழுதியது:

சட்டத்துறையில் இருப்பவள் என்ற வகையில் விசாரணையைப் பற்றிச் சில விடயங்களைச் சொல்லலாம்.

பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. பரீட்சை ஒழுங்குகளையும் தண்டனைகளையும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் உபவிதிகளில் வகுத்துள்ளது. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, தங்கையின் பீடத்து உபவிதியின் பிரதியைப் பெற்று வாசிப்பது. ஒப்படையில் பார்த்தெழுதுதல் அதில் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது, அதற்குப் புள்ளியைக் குறைக்கும் அதிகாரம் விரிவுரையாளரிடமா, குழுவிடமா, மூதவை எனப்படும் செனற் சபையிடமா இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதிகாரமில்லாதவர் விதித்த தண்டனை, குற்றம் உண்மையாக இருந்தாலும் நிலைக்காது.

இயற்கை நீதியின் இரண்டு கோட்பாடுகள் இங்கேயும் பொருந்தும். குற்றச்சாட்டு என்னவென்று முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, பதிலளிக்க அவகாசமும் வாய்ப்பும் கொடுக்க வேண்டும். முறையிட்ட விரிவுரையாளரே தீர்மானிக்கும் குழுவில் அமரக் கூடாது. தங்கை ஒரு கடிதத்தில், எந்த நாளில், என்ன நோக்கத்துக்காகக் கேட்டதால் கொடுத்தார் என்பதைத் தெளிவாக எழுதி, ஆய்வுகூடக் குறிப்புகளின் பிரதியை இணைத்துக் கொடுக்கட்டும். தோழியைப் பற்றி ஊகங்கள் எதையும் எழுத வேண்டாம், தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுதினால் போதும். அதைக் காட்டிக்கொடுத்தல் என்று நினைத்து மறைத்தால், நாளைக்கு தோழி உண்மையைச் சொல்லும்போது தங்கைதான் பொய் சொன்னவராக நிற்பார். தோழியின் குடும்ப நிலைமை தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போது அவர் தானே எடுத்துச்சொல்ல வேண்டிய விடயம். குற்றம் நடந்ததா என்பதைத் தீர்மானிக்கும்போது அதற்கு இடமில்லை.

தீர்ப்பு அநீதியாக இருந்தால் முதலில் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே மேன்முறையிடுங்கள். அதன் பிறகு கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கோரலாம். ஆனால் முத்தையன்கட்டிலிருந்து கொழும்புக்குப் போய் வழக்காடும் செலவும், வழக்கு முடியும்வரை அறுபடும் படிப்பும் ஒரு செயன்முறை அறிக்கைக்காகத் தாங்கக்கூடியவை அல்ல. அதனால்தான் முதல் விசாரணையிலேயே கவனமாக இருக்கும்படி சொல்கிறேன்.

இன்னுமொரு விடயம். விஞ்ஞானம், பொறியியல் போன்ற பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. மீதி 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அதில் அடங்கும். எங்களுடைய பிள்ளைகள் பலர் இந்த வழியில் உள்ளே போகிறவர்கள். அவர் அமர்ந்திருக்கும் ஆசனத்துக்காகப் போட்டியிட்டுச் சிறு வித்தியாசத்தில் வெளியே நின்றவர் அதே மாவட்டத்தில், அடுத்த ஊரில் இருக்கிறார். பின்தங்கிய இடத்தவர் என்பதால் நேர்மையின் அளவுகோலைத் தளர்த்துங்கள் என்று கேட்பவர்கள் அந்த அடுத்த ஊர்ப் பிள்ளையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.


விரிவுரை மண்டபம் எழுதியது:

வன்னேரிக்குளத்தின் பதிவை என் துறைச் சகாக்களுக்கு அனுப்பியிருக்கிறேன். மாணவர்கள் மேல் விரல் நீட்டும் நாங்கள் எங்களையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் அதில் இருக்கின்றன. ஒரே செயன்முறையை, ஒரே மாதிரியான தரவுகளோடு, ஆண்டுக்காண்டு மாற்றமின்றிக் கொடுத்தால், மூத்த அணியின் பதிவேடு விடுதியில் கைமாறிக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு மாதிரியைக் கொடுப்பதும், அறிக்கை தந்த மாணவரிடம் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்பதும் கூடுதல் வேலைதான். நூறு பேர் கொண்ட வகுப்பில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஆனால் விசாரணைக் குழுக்களில் நாங்கள் செலவழிக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

முத்தையன்கட்டு அண்ணாவுக்கு: எழுத்தில் கொடுக்கும் விளக்கத்தோடு, அந்த அறிக்கையைப் பற்றி வாய்மொழியாக விளக்கத் தயார் என்பதையும் தங்கை குறிப்பிடட்டும். எழுதியவருக்கு அது எளிது, குழுவுக்கும் வேறுபாடு உடனே தெரியும்.


நெடுங்கேணி எழுதியது:

தண்டிப்பதற்கு முன் விளக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் ஐயா சொன்னதைப் பற்றி நாங்கள் சில மாணவர்கள் பேசிக்கொண்டோம். உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழகம் தொடங்கும்வரை பிள்ளைகள் பல மாதங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில், அனுமதி கிடைத்தவர்களை ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் கூட்டி, ஒரு பந்தியை வாசித்துப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொல்லில் எழுதுவது, எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிடுவது, செயன்முறை அறிக்கைக்கு முதல் வரைவு வைத்திருப்பது ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பழக்க நினைத்திருக்கிறோம். சாட்ஜிபிடியிடம் மேற்கோள் நூல்களைக் கேட்டால் இல்லாத நூல்களையும் இருப்பதுபோலத் தந்துவிடும் என்பதைக் கணினியிலேயே செய்துகாட்டவும் வேண்டும்.

முதலில் நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் தொடங்கலாம். வாய்க்கால் ஐயா ஒரு சனிக்கிழமை வந்து அந்த நீர்வரத்துக் கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்துகாட்ட முடியுமா? பனங்காமம் அக்கா உபவிதிகளை எளிய தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதித் தந்தால் அச்சிட்டுக் கொடுப்போம். எங்களிடம் மடிக்கணினி இருக்கிறது, புரொஜெக்டர் இல்லை. இரவல் தரக்கூடியவர்கள் எனக்குத் தனிச்செய்தியில் அறியத்தரவும்.